அலை தந்த பிள்ளையும் அடையாளக் கொடியும்

இருவர் புதிதாகச் சந்தித்தால் ஊரைக் கேட்பதும், இன்னாருடைய மகனா என்று கேட்பதும் நம் வழக்கம். வேர் தெரிந்தால் உறவு தளிர்க்கும் என்பது நம் நம்பிக்கை. நற்செய்தியாளர் மத்தேயுவும் இயேசுவின் வரலாற்றைத் தலைமுறை வரிசையோடுதான் தொடங்குகிறார். ஆனால், ஊரும் பேரும் அறியப்படாமல் ஒரு வாசலில் கிடந்த குழந்தைக்கு வேர் எது? அக்குழந்தையின் பேரனோ கொள்ளுப்பேத்தியோ தம் முன்னோரைத் தேடிப் புறப்பட்டால், எந்தக் கதவின்முன் போய் நிற்பார்? இத்தாலியில் எண்ணற்ற குடும்பங்கள் இக்கேள்வியோடு வாழ்கின்றன. தொண்டை நாட்டில் வாழும் நமக்கும் இது அயலார் கேள்வியன்று.

திரையன் வந்த கரை

செங்கல்பட்டும் மாமல்லபுரக் கடற்கரையும் தொண்டை மண்டலத்தின் பகுதிகள். இந்நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடினார். அந்நூல் கூறும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் மாமல்லபுரத்தை ஒட்டி இருந்தது என்று கருதும் அறிஞர் உண்டு. அரசனுக்குத் ‘திரையன்’ என்ற பெயர் வந்த கதையை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எடுத்துரைக்கிறார். சோழ மன்னன் ஒருவன் நாக நாட்டு மங்கையை மணந்தான். பிறக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுமாறு அவன் சொன்னான். அலை, அதாவது திரை, கொண்டுவந்து சேர்த்ததால் பிள்ளை திரையன் ஆனான். உடலில் சுற்றியிருந்த கொடியால் தொண்டைமான் ஆனான்.

மணிமேகலைக் காப்பியம் இதற்கு நெருங்கிய கதையொன்றை வேறு முடிவோடு சொல்கிறது. பீலிவளை தன் மகனைக் கம்பளச் செட்டி என்னும் வணிகனிடம் ஒப்படைக்கிறாள். கப்பல் கவிழ்கிறது, குழந்தை காணாமற் போகிறது. மகனைத் தேடும் துயரில் மன்னன் இந்திர விழாவை மறக்க, புகார் நகரைக் கடல் கொள்கிறது.

அதே காப்பியத்தில் ஆபுத்திரன் வருகிறான். தாய் வழியில் விட்டுச் சென்ற அவனை ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணர் எடுத்து வளர்த்தார். பின்னர், வேள்விக்குக் கட்டப்பட்டிருந்த பசுவை அவன் விடுவித்தபோது, அவனுடைய பிறப்பின் கதையை ஒருவன் சபையில் அம்பலப்படுத்தினான். வளர்த்த தந்தையும் கைவிட்டார். அவ்வாறு விரட்டப்பட்டவன் கையில்தான் பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபி வந்து சேர்ந்தது.

இவற்றைக் கதைகள் என்றே கொள்வோம். எனினும் ஓர் உண்மை இவற்றுள் அடங்கியுள்ளது. பிறப்பைப் பற்றிய அறிவு ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவரும் கொடியாகலாம். அவன்மேல் எறியப்படும் கல்லாகவும் ஆகலாம். இத்தாலி நாட்டின் நெடிய வரலாற்றில் இவ்விரண்டும் நடந்தன.

சுவரில் சுழன்ற சக்கரம்

உரோமையில் தைபர் நதியில் வலை வீசிய மீனவர்கள் மீன்களுக்குப் பதிலாகப் பச்சிளங் குழந்தைகளின் உடல்களை இழுத்தனர் என்பது மரபு. அதனால் உள்ளம் நடுங்கிய திருத்தந்தை மூன்றாம் இன்னொசெந்து, தூய ஆவி மருத்துவமனையில் கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்க ஏற்பாடு செய்தார் என்பர். காலப்போக்கில் இத்தகைய இல்லங்கள் நகரந்தோறும் எழுந்தன.

இவற்றுள் புகழ்பெற்றது பிளாரன்ஸ் நகரின் மாசில்லாக் குழந்தைகள் இல்லம். ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் குழந்தைகளின் நினைவாக அது பெயர் பெற்றது. பட்டு வணிகர் சங்கத்தார் 1419இல் அதைத் தொடங்கினர். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வடிவமைத்தார். 1445 பிப்ரவரி 5ஆம் நாள் முதற்குழந்தை வந்து சேர்ந்தது. அது பெண் குழந்தை. அன்று புனித ஆகத்தம்மாள் திருநாள். ஆகவே ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டனர். பிறந்த நாளின் புனிதர் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் நம் பங்குகளின் வழக்கம் இங்கு நினைவுக்கு வருகிறது. தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளே மிகுதியாக விடப்பட்டனர்.

பல நகரங்களில் இல்லத்தின் சுவரில் மரத்தாலான உருளை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதைச் சக்கரம் என்றே அழைத்தனர். தெருவிலிருப்பவர் அதன் திறந்த பக்கத்தில் குழந்தையை வைத்துச் சுழற்றி மணியை அடிப்பார். உள்ளே காத்திருக்கும் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வார். வைத்தவர் முகத்தை எடுத்தவர் காண்பதில்லை. மணமாகாத தாயைக் காப்பதற்கு என்று சொல்லப்பட்ட இந்த மறைவு, உண்மையில் ஊராரின் மானத்தையும் தந்தையின் பெயரையுமே பெரிதும் காத்தது. வறுமையால் பிள்ளையை விட்ட மணமான தம்பதியரும் பலர். இல்லங்களில் கூட்டம் பெருகியது, தாய்ப்பால் போதவில்லை, நோய் பரவியது. ஓர் ஆண்டுகூட நிறைவடையாமல் இறந்த குழந்தைகள் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சக்கரங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நேப்பிள்ஸ், பிளாரன்ஸ் நகரங்களில் 1875இல் அவை நின்றன.

பெயரில் எஞ்சிய தடம்

நேப்பிள்ஸ் நகரில் மங்கள வார்த்தை அன்னையின் பெயரால் அமைந்த இல்லத்தில் வளர்ந்தவர்களை ‘மாதாவின் பிள்ளைகள்’ என்றனர். அவர்களுக்கு வழங்கிய குடும்பப் பெயர் எஸ்போசித்தோ. ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்பது பொருள். பிளாரன்சில் இன்னொசெந்தி என்றும், உரோமையில் ‘எறியப்பட்டவர்’ என்று பொருள்படும் புரொயெத்தி என்றும், மருத்துவமனையின் சின்னமாகிய புறாவை வைத்து மிலானில் கொலம்போ என்றும் பெயர்கள் வழங்கின. ஒருவர் பெயரைச் சொன்னவுடனே அவர் பிறப்பு உலகுக்குத் தெரிந்துவிடும். ஆபுத்திரனுக்கு நேர்ந்தது இவர்களுக்கு வாழ்நாள் முழுதும் நேர்ந்தது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இனி வரும் குழந்தைகளுக்கு எஸ்போசித்தோ என்று பெயரிடுவதை நேப்பிள்ஸ் அரசு தடை செய்தது. இன்றோ அது இத்தாலியில் மிகப் பரவலான பெயர்களுள் ஒன்று. அதைத் தாங்கியவர்கள் கடல் கடந்தும் குடியேறி மதிப்போடு வாழ்கின்றனர்.

சக்கரத்தில் வைக்கப்பட்ட குழந்தைகள் பலரிடம் ஓர் அடையாளம் இருந்தது: பாதியாக வெட்டிய பதக்கம், உடைந்த நாணயம், துணித் துண்டு, செபமாலையின் மணி. மறுபாதி தாயிடம் இருந்தது. என்றேனும் ஒருநாள் வந்து இரு பாதிகளையும் பொருத்திக் காட்டிப் பிள்ளையை மீட்கலாம் என்பது அவளது எண்ணம். சிலர் வந்தனர், பலரால் வர இயலவில்லை. பிளாரன்ஸ் இல்லத்தின் அருங்காட்சியகத்தில் அப்பாதிப் பதக்கங்கள் இன்றும் உள்ளன. தொண்டைக் கொடியை மகன் உடலில் சுற்றிய நாக மங்கையும், நாணயத்தை வெட்டிக் கொடுத்த இத்தாலியத் தாயும் ஒரே மொழி பேசினர் அன்றோ! வேறு வழியின்றிப் பிரியும் தாயின் மொழி அது.

தேடுவோர் காணும் ஏடுகள்

இத்தகைய முன்னோரைத் தேடும் பேரப்பிள்ளைகள் முதலில் நகர ஆட்சி அலுவலகத்தின் பிறப்புப் பதிவை நாடுகின்றனர். அதில் பெற்றோர் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். ஆனால் குழந்தை கிடைத்த நேரம், கொண்டுவந்தவர், உடுத்தியிருந்த துணி, உடலின் மச்சம், உடனிருந்த அடையாளம், அங்கேயே சூட்டிய பெயர் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அடுத்து இல்லத்தின் சேர்க்கை ஏடு. அதன்பின் பாலூட்டும் செவிலியருக்குக் கூலி கொடுத்த கணக்கு. அதிலிருந்து எந்தச் சிற்றூரில் யார் வீட்டில் குழந்தை வளர்ந்தது என்பது தெரியவரும். பின்னர் பங்கின் திருமண ஏடு.

பெரும்பாலான தேடல்கள் சக்கரத்தின் உட்பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. வெளிப்பக்கத்தில் நின்றவள் யார் என்று எந்த ஏடும் சொல்வதில்லை. இந்நாளில் சிலர் மரபணுச் சோதனையால் அச்சுவரைத் தாண்ட முயல்கின்றனர். எனினும் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. நள்ளிரவில் குழந்தையைக் கையிலெடுத்தவள், பெயரிட்டவர், திருமுழுக்கு அளித்த குரு, பாலூட்டிய கிராமத்துப் பெண் ஆகியோரின் பெயர்கள் கிடைக்கின்றன. இவர்கள் அனைவரும் அக்குழந்தையின் முன்னோர் அல்லர் என்று எவ்வாறு சொல்வது? உண்மையை உள்ளபடி எழுதி வைத்த கணக்கர் ஒருவரின் பொறுமையால், பல தலைமுறைகளுக்குப் பின் ஒரு குடும்பம் தன் தொடக்கத்தைக் காண்கிறது.

நம் தொட்டில்கள்

தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலை நெஞ்சை உலுக்கிய நாளில், 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2001இல் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. இத்தாலியின் சக்கரம் வேறு பெயரில் நம் நாட்டுக்கு வந்தது எனலாம். இத்தாலி உட்பட மேலை நாடுகளின் இல்லங்களில் நம் மண்ணில் பிறந்த பிள்ளைகள் பலர் தத்துப் பிள்ளைகளாய் வளர்ந்தனர். வளர்ந்தபின் அவர்களுள் சிலர் தாயின் முகம் தேடிச் சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் வருகின்றனர்.

அவர்கள் கையிலுள்ள தாளில் ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்று இருக்கிறது. அச்சொல் எப்போதும் உண்மையன்று. தெருவோரத்தில் உறங்கிய ஏழைகளிடமிருந்து திருடப்பட்ட பிள்ளைகள் தத்துக்கொடுக்கப்பட்ட கொடுமை 2005இல் சென்னையில் வெளிப்பட்டது. அங்கே பிள்ளை களவாடப்பட்டது மட்டுமன்று; தேடித் தவித்த தாயைக் ‘கைவிட்டவள்’ என்று ஓர் ஏடு பழிக்கவும் செய்தது. பொய்யான பதிவு, பதிவே இல்லாமையைவிடக் கொடியது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான நம் கரையையும், கடலுக்கு அப்பால் ஈழத்துக் கிழக்குக் கரையையும் தாக்கியது. கல்முனையில் அலையிலிருந்து பிழைத்த கைக்குழந்தை ஒன்றுக்கு மருத்துவமனைப் பதிவின் 81ஆம் எண்ணே பெயராயிற்று. பெற்றோர் உரிமை கோரினர். காட்டச் சான்றுகள் இல்லை. 2005 பிப்ரவரியில் மரபணுச் சோதனை அவர்களுக்குத் தீர்ப்பாக அமைந்தது. திரையனுக்குத் தொண்டைக் கொடி செய்ததை, அப்பிள்ளைக்கு அவன் குருதியே செய்தது.

உண்மையும் மறைவும்

தன் பெற்றோரை இயன்றவரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. மறுபுறம், தாயின் மறைவுக்கும் மதிப்பு உண்டு. இத்தாலியில் பெயர் கூறாமல் பிள்ளை பெறும் தாயின் அடையாளம் 100 ஆண்டுகள் மூடப்பட்டிருந்தது. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும், 2013இல் இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றமும் அதை ஆராய்ந்தன. பிள்ளை விரும்பினால் தாயை மறைவாக அணுகி அவள் மனத்தைக் கேட்க வழி வேண்டும் என்பது பின்னதன் தீர்ப்பு. இந்தியத் தத்து விதிகளும் 18 வயது நிறைந்தவர் தம் வேரைத் தேட இடம் தருகின்றன. பெற்ற தாயின் தனிமையுரிமையையும் காக்கின்றன.

திருச்சபை இந்நெறியை அறியாததன்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 870, கண்டெடுக்கப்பட்ட குழந்தை ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றதா எனக் கவனமாக விசாரித்து, பெறவில்லை எனில் திருமுழுக்கு அளிக்கப் பணிக்கிறது. சட்டம் 877 தத்துப் பிள்ளையின் பதிவு எவ்வாறு அமைய வேண்டும் என்று வகுக்கிறது. பங்கின் ஏடு ஒரு பிள்ளைக்குக் கொடியாக இருக்க வேண்டும். கல்லாக மாறக் கூடாது. உண்மையாய் எழுதுதலும் உரியவரன்றிப் பிறர் காணாமல் காத்தலும் ஒருசேர வேண்டப்படுவது இதனாலேயே.

இங்கே நம் இல்லங்களில் நடப்பதையும் எண்ணுவோம். பிள்ளையில்லாத உறவினருக்கு ஒரு சிசுவை இரகசியமாகக் கொடுத்து, வளர்ப்போரையே பெற்றோராகப் பிறப்புச் சான்றில் எழுதிக்கொள்வதைப் புண்ணியம் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அன்பு இருக்கலாம்; ஆனால் சட்டப்படி அது குற்றம். மேலும், அப்பிள்ளை திரும்பிவரும் பாதையை அது அழித்துவிடுகிறது. கண்டெடுத்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழுவுக்கோ, காவல் நிலையத்துக்கோ, 1098 என்ற எண்ணுக்கோ தெரிவிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. குழந்தையை ஒப்படைத்த தாய் மனம் மாறித் திரும்ப 60 நாள் தரப்படுகிறது. சூழ்நிலையின் கொடுமையால் விட்டவளைத் தண்டிக்கவும் அச்சட்டம் விரும்பவில்லை. சட்டமே இரக்கம் காட்டும்போது நம் நாக்கு அவளைச் சுடலாமா?

செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் பேராலயம் புனித சூசையப்பரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமக்குப் பிறவாத மகனுக்குப் பெயரிட்டு, தம் தலைமுறை வரிசையில் இடம் கொடுத்து, ஏரோதின் வாளிலிருந்து காத்த வளர்ப்புத் தந்தை அவர். மத்தேயு எழுதிய வரிசை அவர் வழியாகவே இயேசுவிடம் வந்து சேர்கிறது. ஆயினும் மகன் அவருக்குப் பிறந்தவர் என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. அன்பும் உண்மையும் அவ்வரிசையில் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்கின்றன. வாசலில் கிடக்கும் எந்தக் குழந்தைக்கும் நாம் கொடுக்கக்கூடிய தொண்டைக் கொடி அதுவே: ஏந்தும் கை, அழைக்கும் பெயர், பொய் கலவாத ஒரு வரி.