வன்னியில் தொழில் விபத்தும் நட்டஈட்டுச் சட்டமும்

வேலைத்தலத்தில் பழுதான இயந்திரத்தால் உடலுறுப்பை இழந்த ஒருவர் அதற்கு ஈடு கோருவதற்கு இலங்கையில் இரு வழிகள் உண்டு. அவற்றுள் பழையது, ஒல்லாந்தர் காலத்தில் இத்தீவில் வேரூன்றிய உரோமன்-ஒல்லாந்த சட்டத்தின்படி, வேலை கொடுத்தவரின் கவனயீனமே காயத்துக்குக் காரணம் என்று நீதிமன்றத்தில் நிறுவி இழப்பீடு பெறுவதாகும். மற்றைய வழியை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் திறந்தது. 1935இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்கீழ், விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்தது என்று காட்டினால் போதும். இயந்திரம் எவ்வாறு பழுதாயிற்று, அப்பழுது முதலாளிக்கு முன்பே தெரியுமா என்ற வினாக்களுக்குத் தொழிலாளி விடை தேடி அலைய வேண்டியதில்லை. இதனைத் தவறு சாராப் பொறுப்பு என்பர். ஜெர்மனியில் 1884இலும் பிரித்தானியாவில் 1897இலும் இந்தியாவில் 1923இலும் சட்டமாகிய இக்கொள்கை, இலங்கைக்கு வந்தபோது அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வாணிப அமைச்சராக இருந்தவர் அட்டன் தொகுதி உறுப்பினரான பெரி. சுந்தரம் ஆவார். மலையகத் தமிழரின் பிரதிநிதி ஒருவர் அமைச்சராக இருந்த காலத்தில் பிறந்த சட்டம், அம்மக்களின் வழித்தோன்றல்கள் பின்னாளில் வன்னி வயல்களில் காயப்பட்டபோது அவர்களுக்கு எவ்வளவு தூரம் எட்டியது என்பது இவ்வரலாற்றின் முக்கியமான கேள்விகளுள் ஒன்றாகும்.

தவறை நிறுவும் சுமையைத் தொழிலாளியின் தோளிலிருந்து இறக்கிய சட்டம், அதற்கு ஈடாக நட்டஈட்டின் அளவைக் கட்டுப்படுத்தியது. எந்த உறுப்பின் இழப்பு உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதக் குறைவு எனக் கொள்ளப்படும் என்பதை அட்டவணை ஒன்று வரையறுத்தது. அந்த வீதத்தையும் தொழிலாளியின் சம்பளத்தையும் கொண்டு தொகை கணிக்கப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரிக்கை வைத்தவர் அதே காயத்துக்காக நீதிமன்றத்தில் வழக்கும் தொடர முடியாது என்பதால், சிறிதானாலும் உறுதியான தொகையா, பெரிதானாலும் நிச்சயமற்ற வழக்கா என்பதைக் காயப்பட்டவரே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இச்சட்டம் வந்த காலத்தில் வன்னிப் பெருநிலப்பரப்பில் இயந்திரம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கைநூல் காட்டும் உலகம் காடும், சிறு குளங்களும், ஆங்காங்கே சிதறிய ஊர்களும் கொண்டதாகும். 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை முழுமையடைந்ததும், இரணைமடுக் குளம் கட்டப்பட்டதும், 1930களில் கிளிநொச்சிப் பகுதியில் குடியேற்றங்கள் தொடங்கியதும் இந்நிலத்தைப் படிப்படியாக நெற்களஞ்சியமாக மாற்றின. ஆயினும் உழவுக்கும் சூடு மிதிக்கவும் எருமையும் மாடுமே பயன்பட்டன. மாடு முட்டியோ அரிவாள் வெட்டியோ நேர்ந்த காயம் விதியின் கணக்கில் எழுதப்பட்டதேயன்றி, யாரோ ஒருவரின் பொறுப்பாக எண்ணப்படவில்லை.

நெல் பெருகியதும் அரிசி ஆலைகளும், காடு வெட்டப்பட்டதும் மரம் அரியும் ஆலைகளும் வந்தன. முதிரையையும் பாலையையும் பலகையாக்கும் வட்ட வாளும், ஆலையின் இயந்திரத்திலிருந்து உமி நீக்கும் பொறிக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட பெல்ட்டும், நெல் அவிக்கும் கொதிகலனும் வன்னித் தொழிலாளி நேருக்கு நேர் சந்தித்த முதல் ஆபத்தான கருவிகளுள் அடங்கும். இவற்றை நோக்கியே 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் எழுதப்பட்டது; எனினும் அது நடைமுறைக்கு வந்தது 1950இல்தான். சுழலும் உறுப்புகளுக்கு வேலி இடவேண்டும், கொதிகலனைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும், விபத்தைத் தொழிற்சாலைப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. வேலி என்பது இங்கே கையோ சாரமோ சிக்காதபடி பெல்ட்டையும் பல்சக்கரத்தையும் மூடும் உலோகக் காப்பைக் குறிக்கும். நட்டஈட்டுச் சட்டம் காயத்துக்குப் பின் வருவது, தொழிற்சாலைச் சட்டம் காயத்துக்கு முன் நிற்பது. காப்பில்லாத பெல்ட்டைப் பற்றிய பரிசோதகரின் குறிப்பு ஒன்றிருந்தால், நீதிமன்றத்தில் கவனயீனத்தை நிறுவ அதைவிட வலுவான சான்று வேறு வேண்டியதில்லை.

இவ்விரு சட்டங்களும் எதிர்பார்த்த நிலைமை வன்னியில் ஒரு காலத்துக்கேனும் வாய்த்த இடம் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகும். ஆனையிறவு உப்பளத்தின் அண்மையைக் கருதி 1950களில் அரசு நிறுவிய இத்தொழிற்சாலை, உப்புக் கரைசலினூடாக மின்சாரத்தைச் செலுத்தி எரிசோடாவையும் குளோரினையும் உற்பத்தி செய்தது. எரிசோடா தோலையும் கண்ணையும் அரிப்பது. குளோரின் வாயு நுரையீரலைத் தாக்குவது. ஆகவே ஒரு வால்வின் கசிவோ, ஒரு குழாயின் வெடிப்போ பலரைப் பாதிக்கவல்லது. ஆயினும் அங்கு வேலை செய்தவருக்குச் சம்பளப் பதிவேடு இருந்தது, வேலை கொடுத்தவர் யார் என்பதில் ஐயம் இல்லை, தொழிற்சங்கத்துக்கு இடம் இருந்தது. ஆபத்து மிகுந்த ஆலையின் தொழிலாளி, ஆபத்துக் குறைந்ததாகக் கருதப்பட்ட வயலின் கூலியாளைவிடச் சட்டத்துக்கு அருகில் நின்றார் என்பது கவனிக்கத்தக்கது. ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் இவ்வாறே அரசு சார்ந்த வேலைத்தலமாக இருந்தது. 1980களில் போர் பரந்தன் தொழிற்சாலையின் இயக்கத்தை நிறுத்தியது.

வயலின் கதை வேறு. உழவு இயந்திரமும் அதன்பின் சூடடிக்கும் இயந்திரமும் களத்துக்கு வந்தபோது, ஆலையில் இருந்த அதே பெல்ட்டும் சுழல்தண்டும் திறந்த வெளிக்கு இடம்பெயர்ந்தன. ஆனால் தொழிற்சாலைச் சட்டத்தின் பரிசோதகர் அவற்றைப் பின்தொடர்ந்து வரவில்லை, ஏனெனில் வயல் தொழிற்சாலை அன்று. கதிர்க்கட்டை உள்ளே தள்ளும் கை உருளையில் சிக்குவதும், உழவு இயந்திரத்தின் பின்புறச் சுழல்தண்டு ஆடையைச் சுற்றி இழுப்பதும் இக்கருவிகளின் இயல்பான ஆபத்துகள். கழற்றிய காப்பைத் திரும்பப் பூட்டாமல் ஓட்டும்போது அவை உறுதியான ஆபத்துகளாகின்றன. அக்களங்களில் கூலிக்கு நின்றோரில் பெரும் பகுதியினர் 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இன வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்கள். நிலம் சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பலரை நாடற்றவராக்கியிருந்ததால், அரச அலுவலகத்தின் வாசலில் ஏறுவதே அவர்களுக்கு அச்சம் தருவதாக இருந்தது.

சட்டத்தின் எழுத்து அவர்களைக் கைவிட்டது என்று சொல்வதற்கில்லை. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்று அது ஏற்றுக்கொள்கிறது. நட்டஈட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை செல்லாது என்றும், தொகை பற்றிய இணக்கம் ஆணையாளரிடம் பதியப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. எனினும் கமக்காரர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து, சில மூடை நெல்லும் அனுப்பினால் கணக்குத் தீர்ந்ததாகக் கொள்ளும் ஊர் வழக்கத்தில் பதிவுக்கு இடமே இல்லை. அவ்வழக்கத்தில் மனிதாபிமானம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் கொடையாக வந்தது உரிமையாக வந்திருந்தால், கை இழந்தவர் அடுத்த போகத்திலும் அதே கமக்காரரின் முகம் பார்த்து நிற்க நேர்ந்திராது.

1990இல் போர் மீண்டும் மூண்ட பின், வன்னியின் பெரும் பகுதி தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோது, அரசு விதித்த பொருளாதாரத் தடை இவ்விடயத்துக்குப் புதிய பரிமாணத்தைக் கொடுத்தது. எரிபொருளும் உதிரிப்பாகமும் தடுக்கப்பட்ட நிலையில் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாகக் கிடைத்ததைப் பொருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 1995இன் இறுதியில் தொடங்கிய யாழ்ப்பாண இடப்பெயர்வால் வந்து சேர்ந்த இலட்சக்கணக்கானோரும் உழைப்பைத் தேடிய காலம் அது. அத்தகைய இயந்திரம் ஒருவரின் விரல்களைப் பறித்தால் கவனயீனம் யாருடையது? உரிமையாளரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. தடை விதித்தவரை எந்தக் கோரிக்கைப் படிவத்திலும் எழுத முடியாது. தவறு யாருடையது என்று கேளாத நட்டஈட்டுச் சட்டம் பொருந்துவதற்கு இதைவிட உகந்த சூழ்நிலை வேறில்லை. ஆனால் அதன் ஆணையாளர் கொழும்பில் இருந்தார், வழியில் போர்முனை இருந்தது. புலிகள் 1993இல் தொடங்கிய நீதிமன்றங்களுக்கும் அந்த ஆணையாளருக்கும் சட்டத்தொடர்பு எதுவும் இல்லை.

சட்டம் குறித்த காலவரம்போ போரைப் பார்த்து நிற்கவில்லை. போதிய காரணம் காட்டினால் பிந்திய கோரிக்கையையும் ஆணையாளர் ஏற்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இடப்பெயர்வில் மருத்துவ அட்டையும், வேலை கொடுத்தவரும், கண்டவரும் தொலைந்த பின் காரணம் இருந்தும் சான்று இல்லை. 1983 மே முதல் 2009 மே வரை போரினால் நீதிமன்றத்தை அணுக முடியாதவர்கள் காலவரம்பு கடந்தும் வழக்குத் தொடர 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தபோது, அது நிலம் முதலான அசையாச் சொத்துக்கு மட்டுமே பொருந்துமாறு அமைந்தது. உழைக்கும் உடலையே சொத்தாகக் கொண்டிருந்த நிலமற்ற கூலியாளை அச்சட்டத்தை ஆக்கியோர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. போரில் காயப்பட்டோருக்கென 2018இல் சட்டமாக்கப்பட்ட இழப்பீட்டு அலுவலகமும் போர்க்காலத் தொழில் விபத்தைத் தன் நோக்கத்துள் கொள்ளவில்லை.

போருக்குப் பின் இந்திய அரசு வடக்குக்கு வழங்கிய 500 உழவு இயந்திரங்களும், ஆடைத் தொழிற்சாலைகளும், வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரங்களும் வன்னியை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இயந்திரமயமாக்கியுள்ளன. 2005இல் 550,000 ரூபாவாக இருந்த நட்டஈட்டின் உச்சவரம்பு 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் 2,000,000 ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தும் அத்திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு இத்திருத்தம் நேரடியாகப் பயன்படும். அறுவடை இயந்திரத்தின் பின்னே நிற்கும் உதவியாளருக்கோ, இயந்திரத்தின் உரிமையாளர் வேறு மாவட்டத்தில், ஓட்டுநர் நாட்கூலியில், வயற்காரர் வாடகை மட்டும் கொடுப்பவர் என்ற நிலையில், வேலை கொடுத்தவர் என்று கோரிக்கையில் யாருடைய பெயரை எழுதுவது என்பதே முதல் வழக்காகிவிடுகிறது.