முதுமையின் துயரும் உரையாடலின் வரலாறும்: கண்டிப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஒரு சமுதாயம் எவருடைய பேச்சைச் செவிமடுக்கத் தக்கதெனக் கருதுகின்றது என்னும் வினா, அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடு நெருங்கிய தொடர்புடையது. இலக்கிய வரலாற்றை ஆராய்வோர் இவ்வுண்மையை நன்கறிவர். எவருடைய பாடல் ஏட்டிலேறிற்று, எவருடைய பாடல் வாயோடு மறைந்தது என்பதைத் தீர்மானித்தது அழகியல் மாத்திரமன்று. இதே வினாவை மருத்துவத் துறையிலும் எழுப்பலாம். மனச்சோர்வு நோய்க்கு உரையாடலையே மருந்தாகக் கொள்ளும் சிகிச்சைமுறை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்துள்ளது. அம்முறை முதியோரை எவ்வாறு நோக்கியது, கண்டி நகரைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளின் தமிழ் முதியோருக்கு அது எந்நிபந்தனைகளின் கீழ்ப் பயன்படக்கூடும் என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்களை வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. முதுமையில் துயரம் இயல்பானது. துணையை இழந்தவர் அழுவது நோயன்று. ஆயின், வாரக்கணக்காக நாள்தோறும் மனம் இருண்டு, முன்னர் விரும்பியவற்றில் நாட்டமற்று, உறக்கமும் உணவும் குன்றி, தன்னைத் தானே பயனற்றவராகக் கருதும் நிலை நோயாகும். முதியோரிடம் இது பெரும்பாலும் உடல்வலியாகவும் களைப்பாகவும் மறதியாகவும் வெளிப்படுகின்றது. அதனால் 'வயது போனால் இப்படித்தான்' என்ற ஒரு வாக்கியத்தோடு குடும்பத்தாரும், சிலவேளை மருத்துவரும் அதனைக் கடந்துவிடுகின்றனர். உரையாடல்வழிச் சிகிச்சை என்பது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. பயிற்சி பெற்ற ஒருவர், குறித்த நாட்களில், குறித்த நோக்கோடு நோயாளியுடன் பேசி, அவரது எண்ணப் போக்குகளையும் அன்றாடப் பிரச்சினைகளையும் கடந்த வாழ்க்கையையும் ஒழுங்குபட ஆராய உதவுவதே அதுவாகும்.

இம்முறையின் தந்தையெனப் போற்றப்படும் சிக்மண்ட் புரொய்ட், 1904 ஆம் ஆண்டு இறுதியில் வியன்னாவில் நிகழ்த்தி மறுவருடம் வெளியிட்ட விரிவுரையொன்றில், ஐம்பது வயதை அண்மியோரும் அதனைக் கடந்தோரும் இச்சிகிச்சைக்குப் பொருத்தமற்றவர் என்னும் கருத்தைத் தெரிவித்தார். அவர்களது மனம் நெகிழ்ச்சியை இழந்துவிட்டது என்பதும், ஆராயவேண்டிய அனுபவத் திரள் அளவிறந்தது என்பதும் அவர் கூறிய காரணங்களாகும். அவ்வேளை புரொய்டுக்கு வயது நாற்பத்தெட்டு என்பதும், அவருடைய முக்கியமான நூல்கள் பல அதன் பின்னரே தோன்றின என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கவை. 1919 இல் அவருடைய மாணாக்கரான கார்ல் ஆபிரகாம் இக்கருத்தை மறுத்தார். நோயாளியின் வயதைவிட நோய் தொடங்கிய வயதே முக்கியமானதென்பது அவர் வாதம். ஆயினும் பல தசாப்தங்களாக மேலோங்கி நின்றது குருவின் கருத்தேயாகும்.

இதனைத் தனிமனிதரொருவரின் தவறாக மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. கைத்தொழில் முதலாளித்துவம் மனிதனை அவனது உழைப்புச் சக்தியைக் கொண்டே மதிப்பிடுகின்றது. சிகிச்சை என்பது, இந்நோக்கில், பழுதடைந்த உழைப்பாளியைத் திரும்பவும் உற்பத்திக்கு அனுப்பும் செலவாகும். உற்பத்தியிலிருந்து விலகியவருக்கு அச்செலவு வீண் என்ற எண்ணம், அறிவியல் முடிவின் தோற்றத்தைப் பூண்டு நின்றது.

அதனை உடைத்தவர்களுள் சிலரை இங்கு குறிப்பிடலாம். லில்லியன் மார்ட்டின் என்னும் உளவியலாளர் 1929 இல், தமது எழுபத்தெட்டு வயதளவில், சான் பிரான்சிஸ்கோவில் முதியோருக்கான ஆலோசனை நிலையமொன்றை நிறுவினார். 1963 இல் றொபேட் பட்லர், முதியோர் பழையவற்றை மீட்டுமீட்டுப் பேசுவது மூளைத் தளர்ச்சியன்று, வாழ்க்கையை மீள்நோக்கிக் கணக்குத் தீர்க்கும் இயல்பான உளச்செயற்பாடே என எடுத்துக்காட்டினார். முதியோரை வயது காரணமாக இழிவாக நோக்கும் மனப்பான்மைக்கு 1969 இல் ஒரு பெயரையும் அவரே சூட்டினார். ஆரன் பெக் வகுத்த, எண்ணங்களைச் சீராக்கும் முறை முதியோர் மீதும் பரிசோதிக்கப்பட்டது. 1982 இல் டொலோறஸ் கலகர், லறி தொம்சன் ஆகியோர் மனச்சோர்வுற்ற முதியோரிடையே குறுகியகால உரையாடல்முறைகள் மூன்றினை ஒப்பிட்டு, மூன்றிலும் நோயாளர் தேறியதைக் கண்டனர். முதுமை பேச்சுக்குத் தடையன்று என்பது அதன்பின் வந்த ஆய்வுகளாலும் உறுதிப்பட்டுள்ளது.

இனிக் கண்டிப் பிரதேசத்தை நோக்குவோம். இங்குள்ள தோட்டங்களில் முதுமை என்பதே ஒரு வரலாற்று விளைபொருளாகும். பேராதனைக்கு மிக அண்மையிலுள்ள கன்னொறுவையில் 1824 ஆம் ஆண்டளவில் ஆளுநர் எட்வேட் பார்ண்ஸ் கோப்பித் தோட்டம் அமைத்தார். கோப்பிக் காலத்துத் தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலார் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பியவர்கள். வழியில் மடியாது தப்பியவர் முதுமையடைந்தது தென்னிந்தியக் கிராமத்திலேயாம். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலை, ஆண்டு முழுவதும் தங்கும் குடும்பங்களை வேண்டி நின்றது. ஆகவே லயத்திலே பிறந்து லயத்திலே மூப்படையும் மனிதர் தோன்றியது தேயிலையின் வருகையோடுதான்.

அம்மனிதருக்குத் தோட்ட அமைப்பு எவ்விடத்தை ஒதுக்கிற்று? லயத்து அறை வேலையோடு பிணைக்கப்பட்டது. பெயர் பதிந்த தொழிலாளி குடும்பத்தில் ஒருவராவது இருக்கும்வரையிலேதான் முதியவருக்கு அவ்வறையில் இடமுண்டு. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஓய்வின்போது ஒரு தொகையைத் தந்ததேயன்றி மாதாந்த ஓய்வூதியத்தைத் தரவில்லை. அத்தொகை மகளின் திருமணத்திலோ பழைய கடனிலோ கரைவது வழக்கம். இன்று பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் சென்றுவிட, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புப் பல பாட்டிமாரின் தோளில் விழுந்துள்ளது. உழைப்பு முடிந்துவிட்டதென்று சமுதாயம் கூறும் வயதில், கூலியற்ற உழைப்பு தொடர்கின்றது.

மருத்துவ நிறுவனங்களின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1873 ஆம் ஆண்டின் சித்த சுவாதீனமற்றோர் பற்றிய கட்டளைச் சட்டமும் 1926 இல் திறக்கப்பட்ட அங்கொடை மனநோய் மருத்துவமனையும் அடைத்துவைத்தலையே அடிப்படையாகக் கொண்டவை. தோட்ட மருத்துவமோ உழைக்கும் உடலைப் பேணும் அளவிலே நின்றது. பேராதனையில் மருத்துவ பீடம் 1962 இலும் போதனா வைத்தியசாலை 1980 இலும் வந்தன. 2005 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையை மக்கள் வாழும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் கோட்பாட்டை ஏற்றது. ஆயின் கொள்கைக்கும் லயத்து வாசலுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது.

நவீன சிகிச்சை வருமுன் துயருக்குப் பேச்சே இருக்கவில்லையென்று கருதிவிடலாகாது. பேராதனையிற் சமூகவியல் கற்பித்த கணநாத் ஒபயசேகர, 1985 இல் வெளிவந்த கட்டுரையொன்றில், மேனாட்டார் நோய்க்குறிகளெனக் கொள்ளும் நம்பிக்கையிழப்பு பௌத்தப் பண்பாட்டில் உலகின் நிலையாமை பற்றிய சிந்தனையாக உருமாறுவதை விளக்கினார். போயா நாளில் வெள்ளையுடுத்து விகாரையிற் சில் அனுட்டிக்கும் சிங்கள முதியோரைக் கண்டோருக்கு இக்கருத்து எளிதில் விளங்கும். தோட்டத்துத் தமிழரிடையே ஒப்பாரி அத்தகைய ஒரு வடிவமாகும். காமன் கூத்து, பொன்னர் சங்கர் போன்றவற்றைப் பழக்கிய முதியோர் அவ்வகையில் ஆசிரியர்களாக மதிப்புப் பெற்றனர். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தமை இவ்வாய்மொழிச் செல்வத்தை நமக்கு உணர்த்திற்று.

எனினும் இவ்வடிவங்களை மிகைப்படப் போற்றி, அவையிருக்கச் சிகிச்சை எதற்கென வாதிடுவது கற்பனாவாதமாகும். ஒப்பாரி சாவு வீட்டுக்குரியது. கணவன் இறந்த நாளில் அழுவதற்கு அது வாய்ப்பளிக்கும். நான்கு ஆண்டுகளின் பின், மகள் வெளிநாடு சென்ற வீட்டில், காரணம் சொல்லத் தெரியாத இருளில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அது இடமளிக்காது. மேலும், அவ்வடிவங்களைத் தாங்கிநின்ற கூட்டு வாழ்க்கையே இன்று சிதறி வருகின்றது.

பட்லர் கூறிய வாழ்க்கை மீள்நோக்கு இங்கு நிகழுமாயின் என்ன வெளிவரும்? இன்று எழுபதைக் கடந்து நிற்கும் தோட்டத்துத் தமிழரிற் பலர் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் நிழலிற் பிறந்து நாடற்றவராய் வளர்ந்தவர்கள். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் பங்கிடப்பட்டனர். அண்ணன் கப்பலேற, தங்கை லயத்திலே நின்றாள். 1973 - 74 இல் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 இலும் 1983 இலும் வன்செயல் இம்மலைகளையும் தீண்டிற்று. குடியுரிமைப் பிரச்சினைக்கு முடிவுகட்டும் நோக்கிலான சட்டம் வந்தது 2003 இலேயாம். இவற்றைத் தனிமனிதத் துயரங்களாக மட்டும் கேட்கும் உளவளத்துணையாளர் பாதியையே கேட்டவராவார். 'நான் ஒன்றுக்கும் உதவாதவள்' என்று ஒரு மூதாட்டி கூறுமிடத்து, அவ்வெண்ணம் அவள் உள்ளத்திலே முளைத்தது மாத்திரமன்று. அரசும் தோட்டமும் அவளிடம் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த வாக்கியமுமாகும். அவ்வாக்கியம் யாருடையது என்பதை அவள் இனங்காணுதல் சிகிச்சையின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

இவ்விடத்து மொழிப் பிரச்சினை எழுகின்றது. மாத்திரையை மொழிபெயர்ப்பாளர் மூலம் கொடுக்கலாம். உரையாடல்வழிச் சிகிச்சையை அவ்வாறு கொடுத்தல் அரிது. ஏனெனில் அங்கு மொழியே மருந்து. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் சிங்களம் மட்டும் அறிந்த ஊழியரும் தமிழ் மட்டும் அறிந்த முதியவரும் ஒருவரையொருவர் வெறுமனே நோக்கியிருக்கும் காட்சி மலையகத்துக்குப் புதியதன்று. தமிழறிந்தவர் இருப்பதும் மட்டும் போதாது. 'மனச்சோர்வு' என்பது நூற்சொல். மக்கள் 'நெஞ்சு அடைக்கிறது' என்பர். 'யோசனை கூடிவிட்டது' என்பர். அல்லது பெருமூச்சு விடுவர். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தமிழரிடையே உளத்துயர் உடல்வழியாகவும் பெருமூச்சாகவும் வெளிப்படுவதை எடுத்துக்காட்டியுள்ளார். அத்தகைய கவனம் மலையகப் பேச்சுவழக்குக்கும் கிட்டுதல் வேண்டும்.

பயிற்சி பெற்ற உளமருத்துவர் போதாத நாட்டில் இவையெல்லாம் கனவென்று கூறுவோருக்கு இரண்டு உதாரணங்கள் விடையளிக்கும். சிம்பாப்வேயில் உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006 இல் தொடங்கிய திட்டத்தில், மருத்துவ நிலைய முற்றத்துப் பலகை ஆசனங்களில் அமர்ந்து பிறர் துயரைக் கேட்பவர்கள் பாட்டிமாரேயாவர். முதுமை இங்கு நோயின் பெயராகவன்றித் தகைமையாக மாறுகின்றது. கோவாவில் மனச்சோர்வின் தொடக்கக் குறிகளுடைய, அறுபது வயதைக் கடந்த 181 பேரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2019 இல் வெளியாயிற்று. மருத்துவப் பட்டமற்ற சாதாரண ஆலோசகர்கள், பிரச்சினைகளைப் படிப்படியாகத் தீர்க்கும் வழியைப் பேசிப் பழக்கினர். ஓராண்டின் பின், அவ்வுதவி பெற்ற 91 பேரில் நால்வரும், வழமையான கவனிப்பை மட்டும் பெற்ற 90 பேரில் பதின்மூவரும் முழுமையான நோய்க்காளாயினர். எண்ணிக்கை சிறிதேயெனினும் திசை தெளிவானது. அவ்வாலோசகர்கள் உறக்கம், நீரிழிவு என்பவை பற்றி வழிகாட்டியதோடு, அரசின் சமூக உதவிகளைப் பெறவும் துணைநின்றனர் என்பது நமக்கு முக்கியமானது. பேச்சும் பொருளுதவியும் அங்கு பிரிக்கப்படவில்லை.

இடதுசாரிகள் சிலர் இதற்கெதிராக ஒரு வாதத்தை முன்வைப்பதுண்டு. லயத்து அறையை மாற்றாது மனத்தை மாற்ற முனைவது, சுரண்டலோடு மனிதனை இணங்கச் செய்யும் தந்திரம் என்பதே அது. இவ்வாதத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு. கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவருக்கு எண்ணத்தைச் சீராக்கு என்று மாத்திரம் போதிப்பது கொடுமையாகும். ஆயின் இவ்வாதத்தை முற்றாக ஏற்போமாயின், காணியும் வீடும் கிடைக்கும்வரை நோயாளி காத்திருக்கட்டும் என்ற முடிவுக்கு வருவோம். எண்பது வயதினருக்குக் காத்திருக்கக் காலமில்லை. அன்றியும் மனச்சோர்வு மனிதனைத் தனிமைப்படுத்துவது. சங்கக் கூட்டத்துக்கும் கோயிலடிக்கும் வராது அவனை வீட்டிலே கிடத்துவது. அவனைத் திரும்பவும் பிறரோடு பேசவைக்கும் எதுவும் கூட்டு வாழ்வுக்கு எதிரானதாக இருக்கமுடியாது.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் 12.4 வீதத்தினர் அறுபது வயதும் அதற்கு மேற்பட்டவருமாவர். அப்பங்கு ஏறிக்கொண்டே செல்கின்றது. ஆதலின் இப்பணி மருத்துவருடையது மாத்திரமன்று. தோட்டங்களிலிருந்தே ஆண்களும் பெண்களும், சிறப்பாக ஓய்வுபெற்ற பெண்கள், செவிமடுக்கும் பணிக்குப் பயிற்றப்படுதல் வேண்டும். அப்பயிற்சிக்கு வேண்டிய துயர்ச்சொற்களின் அகராதியைத் தொகுப்பதும், முதியோரின் வாழ்க்கை வரலாறுகளை அவர்கள் வாய்மொழியிலேயே பதிவதும் தமிழ் பயில்வோர் செய்யக்கூடியவை, செய்யவேண்டியவை. கன்னொறுவை, ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை என இப்பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மலைகளில் அம்முதியோர் இன்னும் வாழ்கின்றனர். மக்கள் இலக்கியம் பற்றிப் பேசும் நாம், அம்மக்கள் பேசும்போது அமர்ந்து கேட்கும் பயிற்சியைப் பெற்றுள்ளோமா என்பதே இன்று நம்முன்னுள்ள வினாவாகும்.