பந்தயக் குதிரையின் பாரம்

நான் ஆம்பூரில் பள்ளிச் சிறுவனாக இருந்தபொழுது, எடையைப் பற்றி என் சிற்றப்பாவை ஏமாற்ற எவராலும் இயலாது என்பது எங்கள் தெருவார் அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தி. அவர் ஒரு தோல் மண்டியில் சரக்கு நிறுத்து வாங்கும் கணக்கர். உப்பிட்ட பச்சை மாட்டுத் தோல் வண்டி வண்டியாக வந்து இறங்கும். எடைக்கு விலை போகும் பொருள் அல்லவா? உப்பை உதறாமலும் மணலைத் தட்டாமலும் தராசில் ஏற்றப் பார்ப்போர் இருந்தனர். சிற்றப்பா தோலின் ஓரத்தைக் கையால் மடித்துப் பார்ப்பார். "இதில் இரண்டு கிலோ உப்பு" என்பார். உதறி நிறுத்தால் அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

இத்தகைய மனிதர், பதனிட்ட தோலைச் சென்னைப் பெரியமேட்டில் சேர்ப்பித்துவிட்டு, அங்கிருந்து மின்சார ரயிலேறிக் கிண்டிக்குப் போவார். திரும்பி வருகையில் கூலிப் பணம் பாதி இராது. சில வேளைகளில் முழுதுமே இராது. சிற்றன்னையின் வளையல்கள் இரண்டு அடகுக் கடைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டன. தராசின் முன்னால் ஏமாறாதவர் பந்தய மைதானத்தில் மட்டும் ஏமாந்தது எவ்வாறு? இந்த வினாவே பிற்காலத்தில் என்னைக் குதிரைப் பந்தயத்தின் சரித்திரத்தைப் புரட்டத் தூண்டியது. புரட்டியபொழுது, அங்கும் எடையே நடுநாயகமாக இருக்கக் கண்டேன்.

வல்ல குதிரையும் எளிய குதிரையும் ஒருங்கே ஓடினால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். பணயம் வைப்பார் இரார். ஆகவே வல்லதன் மீது மிகுந்த பாரமும் எளியதன் மீது குறைந்த பாரமும் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வந்து சேரச் செய்ய முயன்றனர். இதுவே 'ஹாண்டிகாப்' முறை. ஜாக்கியின் உடல் எடை போதாவிடில், சேணத்தின் கீழ் உள்ள பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் ஜாக்கி சேணத்தோடு தராசில் அமரவேண்டும். நம் நாட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஒரு மதிப்பெண்ணுக்கு அரைக் கிலோ என்பது கணக்கு. 45 மதிப்பெண் பெற்ற குதிரை 25 பெற்றதைவிடப் பத்துக் கிலோ மிகுதியாகச் சுமக்கவேண்டும். வென்றால் மதிப்பெண் ஏறும். தோற்றுக்கொண்டே இருந்தால் இறங்கும்.

நேயர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று நின்று நோக்க வேண்டுகிறேன். தோல்விக்கு இங்கே ஊதியம் கிடைக்கிறது!

இங்கிலாந்தில் புகழ்பெற்ற முதல் ஹாண்டிகாப் பந்தயம் 1791ஆம் ஆண்டு அஸ்காட்டில் நடந்த 'ஓட்லண்ட்ஸ்'. வேல்ஸ் இளவரசரின் 'பாரனெட்' அதில் வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் நியூமார்க்கெட்டில் அவருடைய 'எஸ்கேப்' என்னும் குதிரை, எல்லாரும் வெல்லும் என்று நம்பிய பந்தயத்தில் கடைசியாக வந்தது. மறுநாள், எவரும் மதியாத நிலையில், நீண்டதொரு பந்தயத்தில் வென்றது. அது ஹாண்டிகாப் பந்தயத்தின் கதையன்று. ஆயினும் இன்றைய தோல்வி நாளைய பணயத்தின் விலையை உயர்த்தும் என்ற பாடம் அதில் வெளிப்படையாகத் தெரிந்தது. ஜாக்கி சாம் சிஃப்னி குற்றமற்றவன் என்று சாதித்தான். முதல் ஓட்டம் குதிரைக்குப் பயிற்சியாயிற்று என்றான். அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஜாக்கி கிளப்பின் சர் சார்லஸ் பன்பரி, அவனைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் கண்ணியவான் எவரும் இளவரசருடன் போட்டியிடார் என்று எச்சரித்தார். இளவரசர் அந்த ஊரையே துறந்து போனார்.

1855ஆம் ஆண்டு பாரம் விதிக்கும் பொறுப்பை ஏற்ற அட்மிரல் ரௌஸ் நேர்மைக்குப் பெயர் போனவர். மைதானத்தில் நின்று ஒவ்வொரு குதிரையின் ஓட்டத்தையும் தாமே கூர்ந்து கவனிப்பார். பாரம் விதிப்பவரின் கண்ணில் மண் தூவுவதற்கென்றே வெல்லும் எண்ணமின்றிக் குதிரைகள் ஓட்டப்படுகின்றன என்று அவரே வருந்தியிருக்கிறார்.

பயிற்சியாளரின் சூழ்ச்சி எவ்வாறு அமைகிறது? ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதுதான் வஞ்சகம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முரட்டு வழி; ஸ்டுவர்டுகள் கண்டுபிடித்துவிடுவர். நுண்ணிய வழி வேறு. ஒரு மைல் ஓடவேண்டிய குதிரையை ஐந்து பர்லாங்கு பந்தயத்தில் விடுவார்கள். உடல் தேறுமுன் ஓடவிடுவார்கள். குதிரை உண்மையாகவே முயன்று உண்மையாகவே தோற்கும். எவர் குற்றம் சொல்ல முடியும்? மதிப்பெண் இறங்கும், பாரம் குறையும், குதிரை கீழ் வகுப்புக்கு வரும். அப்பொழுது அதற்கு ஏற்ற தூரத்தைத் தேர்ந்து, இருள் பிரியுமுன் பயிற்சி கொடுத்து, உடலை முறுக்கேற்றிக் கொண்டுவருவார்கள்.

பணம் வைப்பதும் ஒரு கலைதான். டோட் முறையில், வரியும் கழகத்தின் பங்கும் போக எஞ்சிய பணமே வென்றவர்களுக்குப் பகிரப்படும். ஒருவரே பெருந்தொகை வைத்தால் அவருடைய லாபத்தை அவரே குறைத்துக்கொள்கிறார். ஆகவே புக்கிகளிடம், பல கைகளின் வழியே, சிறு சிறு தொகையாக ஒரே நேரத்தில் வைப்பார்கள். இங்கிலாந்தில் 'டுரூயிட்ஸ் லாட்ஜ்' என்னும் லாயத்தைச் சேர்ந்த கூட்டாளிகள் 1903ஆம் ஆண்டு 'ஹாக்லர்ஸ் பிரைட்' என்ற குதிரையைக் கொண்டு கேம்பிரிட்ஜ்ஷயர் ஹாண்டிகாப்பில் இவ்வாறு பெருஞ்செல்வம் ஈட்டினர். மறு ஆண்டும் அதே குதிரை வென்றது. இரகசியம் வெளிப்படாதிருக்க லாயத்துப் பையன்களின் கடிதங்களையும் பிரித்துப் படித்தார்களாம்.

தோற்ற குதிரைகளெல்லாம் சூழ்ச்சியால் தோற்றன என்பது நியாயமாகாது. பெரும்பாலானவை திறமை போதாமலே தோற்கின்றன. அந்தப் பெருந்திரளுக்கு நடுவே மறைத்து வைப்பதனால்தான் சூழ்ச்சி கண்ணுக்குப் புலனாவதில்லை.

கிண்டியில் 1777ஆம் ஆண்டு முதலே குதிரைகள் ஓடின. 1974ஆம் ஆண்டு தமிழக அரசு பந்தயத்தையும் பணயத்தையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் பந்தயக் கழகத்தையே ஏற்றுக்கொள்ள மற்றொரு சட்டம் செய்தது. வழக்கு நெடுங்காலம் நடந்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, சூதாட்டமன்று. (அதே ஆண்டு ஆகஸ்டில் அதே நீதிமன்றம் எங்கள் வட்டாரத் தோல் ஆலைகளின் கழிவுநீரைப் பற்றியும் தீர்ப்புக் கூறியது. ஆம்பூர்க்காரர்களுக்கு அதுவே நினைவிருக்கிறது.) பின்னர் 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துச் செய்து கிண்டி நிலத்தைக் கையகப்படுத்தியது வேறு கதை.

திறமை என்று நீதிமன்றம் கூறியதை நான் மறுக்கவில்லை. யாருடைய திறமை என்பதே என் ஐயம். குதிரையின் வம்சமும், பழைய ஓட்டங்களும், பாரமும் அச்சிட்ட புத்தகத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் படிக்கலாம். இன்று அந்தக் குதிரை வெல்வதற்காக வந்திருக்கிறதா, பாரத்தைக் குறைத்துக்கொள்வதற்காக வந்திருக்கிறதா என்பது மட்டும் லாயத்துக்குள்ளே இருக்கும். மண்டியில் உப்பைச் சேர்த்து எடையைக் கூட்டிக் காட்டினார்கள். இங்கே திறமையைக் குறைத்துக் காட்டுகிறார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின்பு, பந்தயத்தை அறவே விட்டுவிட்ட சிற்றப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். எடைப் பத்தியைப் படிக்காமல் போனீர்களே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"படித்தேன், தம்பி. எல்லாப் பத்தியும் படித்தேன். தோலென்றால் கையால் மடித்துப் பார்ப்பேன். குதிரையை வேலிக்கு இப்பால் நின்றுதானே பார்த்தேன்?" என்றார்.