குளிர்காய்தல்: சொல்லும் வழக்கும்

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் வீடுகளில் வெப்பமூட்டும் நிலையான அமைப்புப் பொதுவாக இல்லை. சனவரி இரவுகளின் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியசு. பஞ்சு திணித்த லேப் என்னும் போர்வையும், தணலிட்ட மால்சா என்னும் மண்சட்டியும் வங்காளத்தின் பழைய துணைகள்; மின்வெப்பி பின்னர் வந்தது. இங்குச் சூடேற்றப்படுவது வீடு அன்று, உடலே.

பண்டைத் தமிழகத்தும் இதுவே நிலை. நெடுநல்வாடையில் ஆயர் கையில் கொள்ளி ஏந்துகின்றனர். நகர்வாழ்வாரோ கன்னலின் தண்ணீரை வெறுத்து அகன்ற வாயுடைய தடவின் நெருப்பை நாடுகின்றனர். 'தடவு' என்பதற்கு 'இந்தளம்' எனப் பொருள் உரைப்பார் நச்சினார்க்கினியர். இன்று இரண்டும் வழக்கு வீழ்ந்தன.

வினைச்சொல்லோ நிலைபெற்றது. வங்காளத்தின் 'போஹானோ' தீயையும் (ஆகுன்) வெயிலையும் (ரோத்) ஏற்கும். தமிழிலும் 'தீக்காய்', 'வெயில்காய்' உண்டு. குறள் 691 தீக்காய்வாரையே உவமையாக்குகிறது. ஆயின் தமிழ் 'குளிர்காய்' எனவும் வழங்கும். முன்னவற்றில் பெயர் நுகரப்படுவதைக் குறிக்க, இதில் நீக்கப்படுவதைக் குறிக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். பிறர் துன்பத்தில் பயன் தேடுதல் என்னும் பொருளும் 'குளிர்காய்தல்' மீது ஏறியுள்ளது. மால்சாவைச் சூழ்ந்த முதியோர் 'தீக்காய்ந்தனர்' எனின் அந்நிழல் படியாது. 'கணப்பு' என மட்டும் பெயர்ப்பின் சுவரில் அமைந்த ஐரோப்பிய அடுப்பு நினைவில் எழக்கூடும். 'தணற்சட்டி' என்பதே பொருந்தும். பொருளின் பெயர் பிழைத்தால் அவ்வீட்டின் வாழ்க்கையே பிழைபடும்.