மூக்களவும் மரபணுவும்: மதுரை மண்ணில் பரிணாமப் பாடம்



பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து ஒரு பாடம் போனால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். என்.சி.இ.ஆர்.டி. தன் நூலில் மரபுவழியையும் பரிணாமத்தையும் சேர்த்துச் சொன்ன இயலை மரபுவழி என்று மட்டும் சுருக்கியது. 2023இல் அதை எதிர்த்து 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டனர். அந்தப் பாடத்திட்டத்தில் படித்து, மேல்நிலையில் உயிரியல் எடுக்காத பிள்ளை டார்வினைச் சந்திக்காமலே பள்ளியை முடித்துவிடும். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு நூலில் பரிணாமம் இருக்கிறது. அதை எப்படி நடத்துகிறோம் என்பதே நம் கேள்வி.

பிறப்பை அளந்து மனிதரைத் தரம்பிரித்த வரலாறு நம் மண்ணுக்குப் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. சென்னை மாகாணத்துக்கு 1911இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் குற்றத்தையே ரத்தத்தில் வருவதாக எழுதிவைத்தது. அதன்படி ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மூக்களவைக் கொண்டே தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணமல்ல என்று 1948இல் நிறுவினார் அண்ணல் அம்பேத்கர்.

பெருங்காமநல்லூர் இருக்கும் அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் ஜோதிமாணிக்கம் கிராமமும் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் அவ்வூர்க்காரர் ஒருவரிடம் எம்130 என்ற மரபணுக் குறியைக் கண்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த தொடக்ககால மனிதரின் தடம் அது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் அதன் கிளைகள் உண்டு. செய்தித்தாள்கள் 'முதல் இந்தியர்' என்றன. ஆனால் அது தந்தைவழியின் ஒற்றை இழை மட்டுமே. ஒருவருடைய முன்னோர் ஆயிரமாயிரம் பேரில் ஒருவரைத்தான் அது காட்டும். நேற்று ரத்தத்தைச் சொல்லி இழிவு செய்தார்கள். இன்று ரத்தத்தைச் சொல்லிப் பெருமை பேசினால், அளவுகோல் மாறவில்லை.

வகுப்பறையில் இன்னொரு சிக்கல் தமிழ்ச் சொல்லிலேயே இருக்கிறது. 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்று நடத்துகிறோம். இடஒதுக்கீட்டுக்கு எதிராக வீசப்படும் அதே 'தகுதி'! இயற்கைத் தேர்வில் அதன் பொருள் வேறு: இருக்கும் சூழலில் பிழைத்து, சந்ததியை விட்டுச்செல்வது. சூழல் மாறினால் அதுவும் மாறும். அங்கே மேல் கீழ் என்ற ஏணி கிடையாது. ஒரே அடிமரத்தின் கிளைகள்தாம் உண்டு.

சாதியின் உயிர்நிலை அகமணம் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சொன்னார். 2013இல் வெளியான மரபணு ஆய்வு, இந்தியாவின் பெரும்பாலான குழுக்கள் சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை கலந்துவந்தன, பிறகே அகமணம் இறுகியது என்றது. கலப்பு முந்தியது, சுவர் பிந்தியது.

தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர் கைகளில் சாதிக் கயிறுகள் ஏறியிருக்கின்றன. அவற்றைத் தடைசெய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. உத்தரவு கயிற்றை அவிழ்க்கலாம். மனதிலிருப்பதை அவிழ்க்கப் பாடம் வேண்டும். ஆகவே, பரிணாமத்தை ஐந்து மதிப்பெண் வினாவாகக் கடந்துபோகாமல், தர்ஸ்டனையும் பெருங்காமநல்லூரையும் ஜோதிமாணிக்கத்தையும் சேர்த்து நடத்துமாறு ஆசிரியத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.