வடசென்னையில் அடிமனைக் குத்தகையும் வணிகச் சொத்து வழக்கறிஞர்களும்

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கியது வடசென்னையின் துறைமுக, தொழில் வட்டாரம். இங்குக் கடை, கிடங்கு, பட்டறை, ஆலை ஆகியவற்றுக்கான நிலத்தை வாங்கவும், குத்தகைக்கு எடுக்கவும், அடமானம் வைக்கவும் வணிகர்களுக்குத் துணை நின்று, பிணக்கு எழும்போது நீதிமன்றத்தில் வாதாடுவோர் வணிகச் சொத்து வழக்கறிஞர்கள் ஆவர். இவர்களது பணிக்கு இவ்வட்டாரத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. நிலம் ஒருவருக்கும் அதன்மேல் நிற்கும் கட்டடம் மற்றொருவருக்கும் உரியதாக இருப்பது இங்குப் பழைய நடைமுறை. நிலத்தை அடிமனை என்றும் கட்டடத்தை மேல்கட்டுமானம் என்றும் பத்திரங்கள் குறிக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உரிமைச் சிக்கலே இப்பகுதியின் வணிகச் சொத்துச் சட்ட வரலாற்றின் மையப் பொருளாகும்.

பின்னணி

1856 சூன் 28 அன்று இராயபுரம் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி இங்கிருந்து வாலாஜா நோக்கிச் சென்றது. 1861-இல் கடலுக்குள் நீண்ட இறங்குதுறைப் பாலம் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர்க் கட்டப்பட்ட செயற்கைத் துறைமுகம் 1881 நவம்பர் புயலில் பெரிதும் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டு 1896-இல் நிறைவுற்றது. 1905-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம் உருவானது. சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் துறைமுகம் விரிவடைந்தபோது, சரக்கு இறக்கவும் சேமிக்கவும் ஏற்ற நிலத்தின் தேவையும் பெருகியது.

துறைமுகம் நிலத்தின் வடிவத்தையும் மாற்றியது. அதன் அலைதடுப்புச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் அரிப்பு ஏற்பட்டது. எனவே கடலை ஒட்டிய மனையைப் பத்திரத்தில் எழுதிய அளவை மட்டும் நம்பி வாங்க முடியாது. தரையில் அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

அட்டர்னிகளும் வக்கீல்களும்

1801-இல் சென்னையில் உச்ச நீதிமன்றம் செயல்படத் தொடங்கியது. அதில் இங்கிலாந்து முறைப்படி, வழக்கைத் தயாரிக்கும் அட்டர்னிகளும் வாதாடும் பாரிஸ்டர்களும் தனித்தனியே இருந்தனர். இங்கிலாந்தில் சொலிசிட்டர் செய்த பணியையே இங்கு அட்டர்னி செய்தார். விற்பனைப் பத்திரம் எழுதுதல், கூட்டாண்மை ஒப்பந்தம் தயாரித்தல், கடன் ஆவணம் சரிபார்த்தல் ஆகியவை அவர்களது தொழிலாக இருந்தன. 1862-இல் அந்நீதிமன்றத்தின் இடத்தில் உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டது.

கல்கத்தா, பம்பாய் நகரங்களில் அட்டர்னிகளின் தனியிடம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வரை நீடித்தது. சென்னையிலோ 1866-லேயே உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் வக்கீல்களும் அனுமதிக்கப்பட்டனர். இதனால் பத்திரம் எழுதுவதையும் வழக்காடுவதையும் ஒரே வழக்கறிஞரோ அலுவலகமோ செய்யும் மரபு இங்கு விரைவில் வேரூன்றியது. 1908-இல் தொடங்கிய கிங் அண்டு பார்ட்ரிட்ஜ் போன்ற நிறுவனங்கள் வணிக நிறுவனங்களுக்கான சட்டப் பணியில் பெயர் பெற்றன. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், நாடு முழுவதற்கும் வழக்கறிஞர் என்னும் ஒரே பிரிவுக்கு வழிவகுத்தது.

பத்திர ஒப்படைப்பு அடமானம்

1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கு ஒரு சலுகை அளித்தது. இந்நகரங்களில் கடன் கொடுப்பவரிடம் சொத்தின் மூலப்பத்திரங்களை ஒப்படைத்தாலே அடமானம் ஏற்பட்டுவிடும். தனியாக அடமானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யும் செலவும் தாமதமும் இல்லை. பின்னர் பிற நகரங்களுக்கும் இவ்வசதி அறிவிக்கை மூலம் நீட்டிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி, பத்திரம் எங்கு ஒப்படைக்கப்படுகிறது என்பதே முக்கியம். சொத்து எங்கு இருக்கிறது என்பது அன்று. எனவே அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த எண்ணூர் நிலத்துக்கு உரியவரும், சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள வங்கிக்கு வந்து பத்திரத்தைக் கொடுத்துக் கடன் பெற முடிந்தது. ஆனால் பதிவு இல்லாத அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்றில் தெரியாது. ஆகவே, 'அசல் பத்திரம் யார் கையில் இருக்கிறது?' என்று கேட்பது வழக்கறிஞரின் முதற்கடமையானது. நகல் மட்டும் காட்டி நிலத்தை விற்க முன்வருபவரிடம் எச்சரிக்கை தேவை என்னும் பாடம் இதிலிருந்தே பிறந்தது.

1921-ஆம் ஆண்டுச் சட்டம்

வெற்று மனையை மாத வாடகைக்கு எடுத்து, அதில் தம் செலவில் வீடோ கடையோ பட்டறையோ கட்டிக்கொள்வது சென்னையில் பரவலாக இருந்தது. வாடகை ஒழுங்காகக் கொடுக்கும்வரை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. நில மதிப்பு உயர்ந்தபோது அந்நம்பிக்கை பொய்த்தது. சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, வெளியேறும் குத்தகைதாரர் தாம் கட்டியதைப் பிரித்து எடுத்துச் செல்லலாம், அவ்வளவே. பிரித்தெடுத்த செங்கல்லுக்கும் மரத்துக்கும் என்ன விலை கிடைக்கும்?

இந்நிலையை மாற்றவே சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1921 இயற்றப்பட்டது. இது 1922-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மைக் கூறுகள்:

வெளியேற்றப்படும் குத்தகைதாரருக்கு அவர் கட்டிய கட்டடத்துக்கும் நட்ட மரங்களுக்கும் இழப்பீடு தரப்பட வேண்டும் (பிரிவு 3).

வெளியேற்ற வழக்கு தொடரப்பட்டால், அடிமனையைத் தமக்கே விற்குமாறு ஆணையிடக் கோரிக் குத்தகைதாரர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். விலையை நீதிமன்றம் முடிவு செய்யும் (பிரிவு 9).

வழக்குத் தொடரும் முன் நில உரிமையாளர் மூன்று மாத எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும் (பிரிவு 11).

பிரிவு 9-இன் கீழான மனுவை, அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பல ஆண்டுகள் பட்டறை நடத்தியவர் அழைப்பாணையை அலமாரியில் வைத்துவிட்டு ஆறு வாரம் கழித்து வழக்கறிஞரை நாடினால், நிலத்தை வாங்கும் உரிமையே கைநழுவக்கூடும். இச்சட்டத்தில் வழக்கறிஞரின் வாதத்திறனுக்கு நிகராக நாட்கணக்கும் முக்கியம்.

நகர எல்லையும் சட்டப் பாதுகாப்பும்

1955, 1960 ஆண்டுகளில் செய்த திருத்தங்களால் சட்டத்தின் வீச்சு மாறியது. சென்னை நகரிலும் குறிப்பிட்ட சில நகரங்களிலும் குடியிருப்பு, குடியிருப்பல்லாத கட்டடங்கள் இரண்டும் காக்கப்பட்டன. சட்டம் நீட்டிக்கப்பட்ட ஏனைய பகுதிகளில் குடியிருப்புக் கட்டடங்களுக்கே பாதுகாப்பு. எனவே ஒரு பட்டறை நகர எல்லைக்கு உள்ளே உள்ளதா வெளியே உள்ளதா என்பது வழக்கின் முடிவையே மாற்றக்கூடியதாயிற்று. இராயபுரம் பழைய நகரின் பகுதி. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை தனி நகராட்சிகளாக இருந்து 2011-இல்தான் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன.

விடுதலைக்குப் பின் பெருந்தொழில்கள் வந்தது பெரும்பாலும் இந்த வெளிப்பகுதிக்கே. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் எம்.ஆர்.எஃப். பொம்மை பலூன் தயாரிக்கத் தொடங்கியது. 1948-இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார்களைப் பொருத்தியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே காலத்தில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை எழுந்தது. ஆலைகளைச் சுற்றி உதிரிப்பாகப் பட்டறைகள் பெருகின. உற்பத்திக்கான குத்தகை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஆண்டுக் குத்தகையாகக் கருதப்படும். அதை முடிக்க ஆறு மாத அறிவிப்பு வேண்டும். மற்றக் குத்தகைகளுக்குப் பதினைந்து நாளே போதும். ஒரு கொட்டகையில் நடப்பது உற்பத்தியா, வெறும் சேமிப்பா என்ற கேள்வி இதனால் பணமதிப்புடையதாகிறது.

1980-இல் நடப்புக்கு வந்த திருத்தம், அதற்கு முன் தோன்றிய குத்தகைகளுக்கு மட்டுமே 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுருக்கியது. 1996-ஆம் ஆண்டுத் திருத்தம் சமய நிறுவனங்களுக்கு உரிய நிலங்களை அதிலிருந்து விலக்கியது. கோயில் அடிமனையில் கடை கட்டியவர்களுக்கு இது பெரும் மாற்றம்.

எண்ணெய் நிறுவன வழக்குகள்

1970-களில் எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகிய நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. அவற்றின் குத்தகைகள் அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு வந்தன. பெட்ரோல் விற்பனை நிலையங்களின் அடிமனையைப் பிரிவு 9-இன்படி வாங்க இந்நிறுவனங்கள் முயன்றன. உச்ச நீதிமன்றம் 1995-இல் இந்துஸ்தான் பெட்ரோலியம் வழக்கிலும் 2004-இல் பாரத் பெட்ரோலியம் வழக்கிலும் அதனை ஏற்கவில்லை. நிலையத்தை நடத்துபவர் முகவர். நிறுவனம் நேரடி உடைமையில் இல்லை. எனவே இப்பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்பதே காரணம். குத்தகை இடத்தைப் பிறர் பொறுப்பில் விட்டுத் தொழில் செய்யும் எவருக்கும் இத்தீர்ப்புகள் ஓர் எச்சரிக்கையாகும்.

பொது நிலங்கள்

துறைமுக நிலத்தில் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு விதிகள் வேறு. அவர்களை வெளியேற்றும் நடவடிக்கை 1971-ஆம் ஆண்டுப் பொது இடங்கள் சட்டப்படி சொத்து அலுவலர் முன் நடக்கும். எனினும் துறைமுகக் கழகம் தனியார் நில உரிமையாளர்போல விருப்பப்படி செயல்பட முடியாது. நியாயத்தோடும் பொதுநல நோக்கோடும் நடக்க வேண்டும் என்று 1989-இல் பம்பாய்த் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராசர் துறைமுகம், நிறுமச் சட்டத்தின்கீழ் அமைந்தது.

கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆணையரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலற்ற ஆவணம் செல்லாது. கடலோரத்திலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் 1991 முதல் கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகளும் கட்டுப்படுத்துகின்றன.

இன்றைய நடைமுறை

நிலம் வாங்கும் நிறுவனத்துக்காக வழக்கறிஞர் மூலப்பத்திரத் தொடர், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் ஆகியவற்றை ஒப்பிடுகிறார். விற்பவர் நிறுமமாயின் நிறுமப் பதிவாளரிடம் பதிவான அடமானங்களையும் பார்க்கிறார். பின்னர் நேரில் சென்று நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்று அறிகிறார். பத்திரத்தில் தோன்றாத பழைய அடிமனைக் குத்தகைதாரர் பெரும்பாலும் இக்கட்டத்தில்தான் வெளிப்படுவார்.

2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம், வணிகத்துக்கு மட்டுமே பயன்படும் அசையாச் சொத்துக்களின் ஒப்பந்தப் பிணக்குகளுக்குத் தனி வழி வகுத்தது. சொத்து உண்மையில் வணிகப் பயன்பாட்டில் இருக்க வேண்டும். எதிர்காலத்தில் பயன்படலாம் என்பது போதாது என 2019-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனவே கிடங்கு கட்டுவதற்காக வாங்கி இன்னும் காலியாகக் கிடக்கும் எண்ணூர் மனைமீதான பிணக்கு பொது உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்ல நேரிடும். அவசர இடைக்கால ஆணை தேவைப்படாத வணிக வழக்குகளில், வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம் என 2022-இல் முடிவானது.

முக்கியத்துவம்

சிறு பட்டறைக்காரரின் சேமிப்பில் பெரும்பகுதி பிறர் நிலத்தில் எழுப்பிய சுவரிலும் கூரையிலும் பொறுத்திய இயந்திரத்திலும் அடங்கியிருக்கும். அவர் சட்டப்படி யார், அவருக்கு எத்தனை நாள் அவகாசம், நிலம் யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கான விடையே அச்சேமிப்பு நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. வழக்கு வந்தபின் இவற்றைத் தேடுவதைவிட, முதல் கல் நடும் முன் எழுத்தில் உறுதி செய்வதே வணிகச் சொத்து வழக்கறிஞரின் பணியில் மிகுபயன் தரும் பகுதியாகும்.