எந்தப் பிள்ளைகளை எண்ணுவது? காட்டுப்பள்ளி வட்டாரத்தில் முன்பருவக் கல்வியும் விளைவுசார் நிதியும்

சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில், காட்டுப்பள்ளித் துறைமுகம் தொடங்கி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வரை பணத்துக்குப் பஞ்சமில்லை. துறைமுகங்கள், அனல்மின் நிலையம், 2010 முதல் இயங்கும் கடல்நீர்க் குடிநீராலை என்று நெருங்கி நிற்கின்றன. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. அந்த சி.எஸ்.ஆர். நிதி அங்கன்வாடிக்கு வரும்போது வழக்கமாகச் சுவரோவியமாக, நாற்காலியாக, விளையாட்டுப் பொருளாக வருகிறது. நிறுவனத்தின் பெயர்ப்பலகையும் தவறாமல் வந்துவிடும்.

பொருளுக்குக் கொடுப்பதைவிடப் பிள்ளைகள் அடையும் வளர்ச்சிக்குக் கொடுப்பது மேல் என்பதே விளைவுசார் நிதியின் அடிப்படை. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் எந்தப் பிள்ளைகளின் வளர்ச்சி என்பதை முதலில் முடிவுசெய்யாத ஒப்பந்தம், எட்டாத் தொலைவில் உள்ளவர்களை இன்னும் தள்ளிவிடும்.

இராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை நடந்த ‘எஜுகேட் கேர்ள்ஸ்’ வளர்ச்சிப் பத்திரம் இதற்கு நல்ல சான்று. யூ.பி.எஸ். ஆப்டிமஸ் அறக்கட்டளை முன்பணம் போட்டது. விளைவு கிடைத்ததும் சிஃப் என்ற குழந்தைகள் நல அறக்கட்டளை வட்டியோடு திருப்பித் தந்தது. இலக்கில் கற்றல் 160 விழுக்காடும் சேர்க்கை 116 விழுக்காடும் எட்டப்பட்டதையே எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சேர்க்கை கணக்கிடப்பட்டது பள்ளிப் பதிவேட்டின் மொத்த எண்ணிக்கையை வைத்தல்ல. பள்ளிக்கு வெளியே இருந்த 837 சிறுமிகளின் பட்டியலை வைத்து. அவர்களில் 768 பேர் சேர்ந்தனர். இரண்டாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கில் ஏறத்தாழ பாதிதான் எட்டப்பட்டிருந்தது. மூன்றாம் ஆண்டில், அடிக்கடி வராத பிள்ளைகளின் வீடுகளுக்கே போய்ப் பாடம் சொன்னார்கள்.

காட்டுப்பள்ளியில் அத்தகைய பட்டியலில் யார் வருவார்கள்? மீனவக் குப்பங்களின் பிள்ளைகள். கொசஸ்தலை ஆற்றிலும் பழவேற்காட்டுக் கழியிலும் கையால் இறால் பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைகள். மாவட்டத்தின் செங்கல் சேம்பர்களுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள். கடைசியில் சொன்னவர்கள் சூளைப் பருவம் முடிந்து, மழைக்கு முன்னே ஊர் திரும்புவார்கள். ஒரு முழு ஆண்டின் கற்றல் முன்னேற்றத்துக்கு மட்டும் பணம் தருவதென்றால், இடையில் போய்விடும் ஒடியா பேசும் நான்கு வயதுப் பிள்ளை, திட்டத்தை நடத்தும் அமைப்புக்கு நட்டக் கணக்கு. சேர்க்காமல் இருப்பதே லாபம். ஆகவே, இப்பிள்ளைகளுக்கு மாத வருகையை அளவாக வைத்து, மற்றவர்களைவிடக் கூடுதல் தொகை தர வேண்டும்.

அளவீடும் சிக்கலானது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை தளர்ந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் உணவு தந்து, தேறியதும் நிறுத்தியது. ஆனால் எடைக்கேற்பப் பணியாளரின் கூலி மாறவில்லை. இன்று அங்கன்வாடிப் பணியாளர் தாமே எடைபோட்டு, தாமே ஒன்றிய அரசின் போஷன் டிராக்கர் செயலியில் பதிகிறார். பணம் அந்த எண்ணைத் தொட்டால் எண் வளைந்துகொடுக்கும். வெளியாள் ஒருவர் வந்து, சில பிள்ளைகளை மட்டும் மாதிரியாக எடுத்து, கூழாங்கற்களைப் பெரிது சிறிதாக அடுக்கச் சொல்லியும் படத்தைக் காட்டிக் கதை கேட்டும் அளப்பதே பொருந்தும். அங்கன்வாடிப் பணியாளரின் மதிப்பூதியத்தில் ஒரு ரூபாய்கூட இந்த ஒப்பந்தத்தில் அடங்கக் கூடாது. தோல்வியின் சுமை முதலிட்டவருடையது.

சட்டம் இடம்தருமா? தருகிறது. தொடர்திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மேலும் மூன்றாண்டுகள் சி.எஸ்.ஆர். பணத்தைச் செலவிடலாம். ஒரு பிள்ளை மூன்று வயதில் அங்கன்வாடிக்குள் நுழைந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும் காலத்துக்கு அது போதும். 2021இல் பெருந்திட்டங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட தாக்க மதிப்பீடோ திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தே நடக்கிறது. அதற்குள் பணம் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதால், பணம் தருவதற்கான அளவுகோலாக அது உதவாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. மீன்பிடிப்பு குறைந்த வீட்டுப் பிள்ளையின் கல்விக்கு ஒரு நிறுவனம் பணம் தந்தால், அந்தப் பிள்ளையின் முன்னேற்றம் நிறுவனத்தின் நற்சான்றிதழாகிவிடாதா? ஆகலாம். பல நிறுவனங்களின் தொகையை ஒரே நிதியாக்கி, பட்டியலை ஊராட்சியும் சங்கங்களும் தயாரிக்க, மாவட்ட ஆட்சியர் வழியாகப் பணம் வழங்கினால், எந்த நிறுவனமும் தனிப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. அந்த நிபந்தனைக்கு எத்தனை நிறுவனங்கள் இசையும் என்பது பேச்சுவார்த்தையில்தான் தெரியும்.